நியூஸ் பிறின்ட் தாளின் தன்மை என்ன? ரியூசன் நோட்ஸ் அடிக்க அது போதுமா?

நீங்கள் புதிதாக வகுப்புத் தொடங்கப் போகிறவர் என்று நினைக்கிறேன். நியூஸ் பிறின்டில், அதாவது பத்திரிகை அடிக்கிற தாளில், அடித்தால் மலிவு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பிள்ளைகளின் தாய் தகப்பன் என்ன நினைப்பார்களோ என்ற யோசனை உங்களுக்கு. மட்டக்களப்பில் சின்னதாக அச்சு வேலை செய்கிறவன் நான். இந்தத் தாளை யாராவது இளக்காரமாகக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சுர்ரென்று ஏறும். அதனால் பதில் நீளலாம்.

போதுமா என்றால், தாராளமாகப் போதும். றைசோ மெஷினில், அதாவது ஸ்டென்சில் வைத்து வேகமாகப் பிரதி எடுக்கிற மெஷினில், அடிப்பதற்கு அதைவிடப் பொருந்துகிற தாள் அந்த விலைக்குக் கிடையாது.

பேப்பர் வியாபாரி தன் சரக்கைப் புகழுகிறான் என்று எழுத இப்போதே சிலர் கை பரபரக்கும். நான் தாள் விற்கிறவன் இல்லை, வாங்குகிறவன். வெள்ளைத் தாளில் அடித்தால் எனக்குக் கூலி கூடத்தான் கிடைக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விஞ்ஞான ஆசிரியர் வந்தார். நான் காட்டிய மாதிரியைக் கையில் எடுத்தவர், "தம்பி, இது கச்சான் சுத்துற பேப்பர்தானே?" என்று சிரித்தார். "இல்ல சேர், மை நல்லா இழுக்கும்" என்றேன். கேட்கவில்லை. கொழும்பிலிருந்து வழுவழுவென்று மினுங்குகிற தாள் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் அடிக்கச் சொன்னார். றைசோ மையும் அந்தக் காலத்து ரோனியோ ஸ்டென்சில் மெஷின் மையும் ஒரே குணம். சூட்டில் காய்வதில்லை, தாளுக்குள் ஊறித்தான் காயும். மினுங்குகிற தாளில் ஊற இடமேது? முதல் தாளின் எழுத்து அடுத்த தாளின் முதுகில் பதிந்தது. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைக் கையெல்லாம் கறுப்பு. அடுத்த பாடத்துக்கு சேர் வரவில்லை, ஒரு பிள்ளையிடம் மூலப்பிரதியை மட்டும் கொடுத்துவிட்டார், "முந்திக் காட்டின பேப்பரிலயே அடிக்கட்டாம்" என்று. அதன் பிறகு இன்றுவரை நியூஸ் பிறின்ட்தான்.

காரணம் தாள் செய்கிற விதத்தில் இருக்கிறது. நல்ல வெள்ளைத் தாளுக்கு மரத்தை இரசாயனத்தில் அவித்து மர நாரை ஒட்டி வைத்திருக்கிற லிக்னின் என்ற பொருளைக் கழுவி எடுப்பார்கள், அதில் மரத்தின் எடையில் பாதியளவு போய்விடும். நியூஸ் பிறின்டுக்கு மரத்தை அப்படியே அரைப்பதால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கூழாகிவிடும். மலிவு அங்கிருந்து வருகிறது. பழைய பேப்பரைக் கரைத்தும் இப்போது நிறையச் செய்கிறார்கள். அரைத்த கூழில் பொடி நார் அதிகம். அதனால் சதுர மீற்றருக்கு 45 முதல் 49 கிராம் வரை எடையுள்ள மெல்லிய தாளாக இருந்தும், ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கம் அவ்வளவாகத் தெரியாது. மையையும் உடனே குடிக்கும்.

குறையும் அதே இடத்தில்தான். கழுவாமல் விட்ட லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகும், பிறகு நொறுங்கும். மைப்பேனாவால் எழுதினால் பரவும், அழித்தால் கிழியும். ஈரத்தையும் இழுக்கும். மாரி மாதத்தில் தாள் தொய்ந்து இரண்டு மூன்றாக மெஷினுக்குள் போகும். கச்சான் என்கிற வறண்ட காற்று வீசுகிற காலத்தில் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டும். நிலத்தில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள், அடிக்கிற அன்றைக்கே கட்டைப் பிரியுங்கள்.

மற்றப் பயன்கள்: தையல்காரர் அளவு வெட்ட, சின்னப் பிள்ளைகள் கிரயோன் கிறுக்க, கண்ணாடிச் சாமான் பொதி செய்ய. வடை சுற்றுவது பற்றிக் கேட்பீர்கள். அச்சடித்த பத்திரிகையில் சூடான எண்ணெய்ப் பண்டம் வைக்காதீர்கள், மை எண்ணெயில் கரைந்து ஏறும். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2016இலேயே இதை எச்சரித்தது.

"இது எங்கட வாழைச்சேனைத் தாள்தானே" என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். இல்லை. வாழைச்சேனையில் 1950களில் தொடங்கிய அந்தக் கடதாசி ஆலை பேர் எடுத்தது வைக்கோல் கூழில். நியூஸ் பிறின்ட் கப்பலில் வருகிற சாமான். அதனால்தான் 2022இல் டொலர் இல்லாமல் போனபோது கொழும்பில் இரண்டு நாளிதழ்கள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின, மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அந்த நாட்களில் காலையில் சொன்ன விலை பின்னேரம் நிற்காது. மட்டமான தாள் என்று மூக்கைச் சுளித்தவர்களெல்லாம் ஒரு கட்டுக் கிடைக்குமா என்று போன் எடுத்தார்கள்.

சொல்லத்தான் வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். வெளிநாட்டிலிருந்து வந்து கல்யாணம் செய்கிறவர்கள் அழைப்பிதழைச் சென்னையில் அடிப்பிக்கிறார்கள், தங்கக்கரை, மணக்கிற உறை, எல்லாம். சரி, அவர்கள் காசு. ஆனால் அதில் மண்டபத்தின் பெயர் பிழையாக வந்தால் ஒட்டுவதற்குத் துண்டு அடிக்க எங்களிடம் வருவார்கள், "சின்ன வேலைதானே மனே, இதுக்கும் காசா?" என்பார்கள். சின்ன வேலைக்கும் மெஷின் ஓட வேண்டும்தானே.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாராந்த நோட்ஸ், மாதிரி வினாத்தாள் எல்லாம் நியூஸ் பிறின்டில் அடியுங்கள். வருடக்கணக்கில் வைத்துப் படிக்கிற பாஸ் பேப்பர் (பழைய பரீட்சை வினாத்தாள்) தொகுப்பென்றால் மட்டும் வெள்ளைத் தாள் கேளுங்கள், அதுவும் மினுங்காத தாளாக. இரண்டு பக்கமும் அடிப்பதென்றால் முதல் பக்கம் ஊற நேரம் வேண்டும், வகுப்புக்கு அரை மணி முன்னால் ஓடி வராமல் முதல் நாளே கொடுங்கள்.