பணிக்கரின் படிக்க முடியாத எழுத்துகள்

கேள்வி: ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் படமொன்றைக் கண்காட்சியில் பார்த்தேன். எழுத்துகளும் எண்களும் ஜாதகக் கட்டம் போன்ற கோடுகளும் நிறைந்திருந்தன. அருகில் சென்றும் ஒரு சொல்லைக்கூடப் படிக்க இயலவில்லை. என்னதான் எழுதியிருக்கிறார்?
— வாசகர், கோவை

பதில்: படித்துப் பொருள் கொள்வதற்காக அவர் அவற்றை எழுதவில்லை. நீங்கள் பார்த்தது, 1963இல் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைச் சேர்ந்த படமாக இருக்க வேண்டும். ஒரு மாணவரின் கணக்கு நோட்டில் எண்களும் இயற்கணிதக் குறிகளும் வடிவியல் கோடுகளும் ஒரே பக்கத்தில் நெருங்கிக் கிடந்ததைக் கண்டபோது அந்த எண்ணம் பிறந்ததாக அவரே கூறியிருக்கிறார். முதலில் ரோமன் எழுத்துகளைக் கையாண்டவர், பிறகு மலையாள எழுத்துக்கு வந்தார். அதன் சுழிகளும் வளைவுகளும் பொருளின் சுமை நீங்கி, வெறும் கோடுகளாகப் படம் முழுவதும் ஓடுகின்றன.

இந்த இடத்துக்கு அவர் எளிதில் வந்துவிடவில்லை. உங்கள் கோவையில் 1911இல் பிறந்தவர். கேரளத்து நீர்நிலைகளையும் தென்னந்தோப்புகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிப் பழகியவர். தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் மாணவராகச் சேர்ந்தார். ஐம்பதுகளில் அவர் தீட்டியவற்றில் டச்சு ஓவியர் வான்காவின் சாயல் தெரிகிறது. அவை அழகானவையே. ஆயினும், நவீன ஓவியராக இருப்பதற்கு ஐரோப்பியரின் கண்ணைக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வி அவரை விடவில்லை. நம் வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கும் ஜாதகத்திலும் கோயில் யந்திரத்திலும் ஓலைச்சுவடியிலும் ஏற்கெனவே இருந்த கோட்டின் அழகில் அவர் அதற்கு விடை கண்டார் என்பது என் கருத்து. அவர் வரைந்த கட்டங்களில் எவருடைய கிரகநிலையையும் தேட வேண்டியதில்லை.

அவர் 1957 முதல் பத்தாண்டுகள் அந்தப் பள்ளிக்குத் தலைமை வகித்தார். பிழைப்புக்காக மாணவர்கள் ஓவியத்தைக் கைவிடக் கூடாதென்ற தவிப்பில், பாத்திக் துணி (மெழுகிட்டுச் சாயம் தோய்த்த துணி) முதலிய கைவினைப் பொருள்களை விற்று நிலம் வாங்க வழிசெய்து, 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமானவரும் அவரே.

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரிலேயே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. அங்கே செல்ல வாய்த்தால், எழுத்துப் படங்களின் முன் முதலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அருகில் செல்வதைச் சற்று நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.