மேடை ஏறுமுன் வரும் நடுக்கம்: கேள்வி பதில்

திருவிழா நாடகங்களிலும் கல்லூரி விழாக்களிலும் நடிப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நாகர்கோவில் வட்டாரத்தில் நெடுங்காலமாக நாடகம் பழக்கி வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (மார்த்தாண்டம், கல்லூரி மாணவி): அண்ணா, ஒத்திகையில் வசனம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. மேடை ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிடுகிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பயம் எப்போது போகும்?

பதில்: முழுசாகப் போகாது மக்களே. போயே தீரவேண்டும் என்றும் இல்லை. ஆபத்து என்று நினைத்து உடம்பு அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ரத்தம் பெரிய தசைகளுக்குத் திரும்புவதால் விரல் குளிர்கிறது, உமிழ்நீர் குறைவதால் வாய் உலர்கிறது. இது நோய் இல்லை. புகழ்பெற்ற ஆங்கிலேய நடிகர் லாரன்ஸ் ஒலிவியருக்கே 1960களில், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, இந்தப் பயம் கடுமையாக வந்து சில ஆண்டுகள் விடாமல் பிடித்திருந்தது. அப்போதும் அவர் நடிப்பதை நிறுத்தவில்லை.

'பயப்படாதே, பயப்படாதே' என்று உங்களையே அதட்டாதீர்கள். 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லிக்கொண்டவர்கள் பாட்டிலும் மேடைப் பேச்சிலும் நன்றாகச் செய்ததாக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அலிசன் உட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

கேள்வி (குளச்சல் பக்கம்): இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தில் எனக்குப் பிலாத்து வேஷம். போன வருஷம் பாதியில் வசனம் மறந்து நின்றுவிட்டேன். இந்த வருஷம் அதை நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

பதில்: தம்பி, வசனத்தை வரி வரியாக மட்டும் மனப்பாடம் செய்தால், ஒரு வரி அறுந்ததும் பின்னால் உள்ளதெல்லாம் போய்விடும். பதற்றத்தில் நினைவு தடுமாறுவது இயல்பு. அதனால் வசனத்தைச் செய்கையோடு கட்டிவையுங்கள்.

இயேசுவின் வழக்கில் கை கழுவும் இடத்தில் ரோம ஆளுநர் பிலாத்துக்கு என்ன வேண்டும்? வெளியே கூட்டம் கத்துகிறது. அந்த நீதிமானின் வழக்கில் தலையிடாதீர் என்று மனைவி ஆள் அனுப்பியிருக்கிறாள். அவனுக்கு எப்படியாவது இதிலிருந்து தப்பிக்க வேண்டும். சேவகன் தண்ணீர் ஊற்றும்போது முதலில் வலது கை, அப்புறம் இடது கை, பிறகு துணியை வாங்கி ஒவ்வொரு விரலாகத் துடையுங்கள். எந்த விரலில் எந்தச் சொல் என்று ஒத்திகையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நாக்கு மறந்ததைக் கை எடுத்துக்கொடுக்கும். அந்த இடைவெளியும் பார்ப்பவர்களுக்குப் பிலாத்துவின் தயக்கமாகத்தான் தெரியும்.

இன்னொன்று, நூற்றுவர் தலைவராக நடிப்பவரிடம் இப்போதே பேசி வையுங்கள். நீங்கள் திணறினால், "ஆளுநரே, உமது தீர்ப்பு என்ன?" என்று அவர் கேட்கட்டும். அந்த ஒரு வரி இருக்கிறது என்ற தைரியத்திலேயே பாதிப் பயம் இறங்கிவிடும். வீட்டில் யாரையாவது நடுவிலிருந்து ஒரு வரியைச் சொல்லச் சொல்லி, அங்கிருந்து தொடர்ந்து பழகுங்கள். கடைசி ஒத்திகையாவது மைக்கோடும் அங்கியோடும் அந்த மேடையிலேயே நடக்க வேண்டும். இதை நான் நடத்துபவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். முந்தின இரவு கண்விழித்துப் படிக்காதீர்கள். படித்தது நினைவில் நிற்கத் தூக்கம் வேண்டும்.

கேள்வி (தக்கலை): வெளியூரில் தைரியமாக நடிக்கிறேன். சொந்த ஊர்க்காரர்கள் முன்னால்தான் கூச்சம்.

பதில்: நம் தப்பை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நாம் மிகையாகவே நினைக்கிறோம். 2000ஆம் ஆண்டு உளவியலாளர் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் படம் போட்ட பனியனோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று பனியன் போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கால்வாசிப் பேர்தான் கவனித்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் வருவதும் நம்ம பிள்ளை நன்றாகச் செய்யவேண்டும் என்ற ஆசையில்தானே.

கேள்வி (குலசேகரம்): ஒரு மாத்திரை போட்டால் நடுக்கம் நின்றுவிடும் என்கிறார்கள். சிலர் ஒரு கிளாஸ் குடித்துவிட்டும் ஏறுகிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது பெரும்பாலும் புரோப்ரனலோலாக இருக்கும். அது ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற மருந்து. நடுக்கத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆபத்து. டாக்டர் பார்த்து எழுதித் தராமல் தொடவே கூடாது. குடித்துவிட்டு ஏறுவது வேண்டவே வேண்டாம். நினைவும் குழறும், கூட நடிப்பவரும் தவிப்பார்.

கேள்வி (சுசீந்திரம்): திரை விலகுவதற்கு முந்தின ஐந்து நிமிஷம் என்ன செய்ய?

பதில்: நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். விடும் மூச்சு நீளமானால் இதயத் துடிப்பு தணியும். ஒரு மடக்குத் தண்ணீர் போதும். சாயா குடிப்பதெல்லாம் நாடகம் முடிந்த பிறகு.

கேள்வி (நாகர்கோவில், ஒரு அம்மா): மகன் சில வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. ரிகர்சலுக்கும் போகாமல் அறைக்குள்ளேயே கிடக்கிறான். நாடக பயம் என்று விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் அம்மா. இது மேடையோடு நிற்கிற பயமாகத் தெரியவில்லை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். நேரில் காட்ட ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட்டிக்கொண்டு போங்கள். நாடகம் நடத்துபவரிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இந்த முறை வேஷத்தை வேறொருவர் கட்டட்டும். உன் இடம் உனக்கு இருக்கிறது என்பதை அவர் வாயாலேயே மகனிடம் சொல்லச் சொல்லுங்கள்.