தென்னைல காண்டாமிருக வண்டு, கூன்வண்டு: எது எங்க தங்கும்?

கேள்வி: புதுசா விரியுற ஓலை எல்லாம் விசிறி மாதிரி வெட்டுப்பட்டே வருது, என்ன வண்டு சார்?

காண்டாமிருக வண்டுங்க. கருப்பா கொம்போட இருக்கும், ராத்திரி பறந்து வந்து விரியாத குருத்துல தொளை போட்டு சாறு குடிக்கும். மடிஞ்சிருக்குற ஓலைல ஒரு இடத்துல கடிச்சா விரியும்போது ரெண்டு பக்கமும் வரிசையா வெட்டு தெரியும். நீங்க இப்ப பாக்குறது முன்னாடியே நடந்த கடி, அதனால குருத்தடில மென்ன சக்கை துருத்திட்டு நிக்குதான்னு பாருங்க, நின்னா உள்ள வண்டு இருக்கு, கம்பி கொக்கிய விட்டு குத்தி இழுத்துடுங்க.

கேள்வி: எருக்குழில தடி தடியா வெள்ளை புழு கெடக்கு, மரத்துக்கு ஏறுமா?

ஏறாது. காண்டாமிருக வண்டோட புழுவா இருந்தா மக்குன சாணியும் செத்த தென்னமரமும் தான் அதுக்கு சாப்பாடு, வண்டானப்புறம் தான் மரத்தை தேடும். தயவுசெஞ்சு மரத்துக்கு மட்டும் மருந்தடிச்சு காசை வீணாக்காதீங்க, குழிய கிளறி புழுவை பொறுக்குங்க, புழுவை கொல்லுற மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்து விடுங்க, செத்த மரத்தை தோப்புல போட்டு வைக்காதீங்க.

கேள்வி: அப்போ சிவப்பு கூன்வண்டு?

அப்படியே தலைகீழ். இதுல வண்டை விட புழு தான் எமன். நீள மூக்கு வண்டு மரத்துல காயம் பாத்து முட்டை வைக்கும், கால் இல்லாத புழு உள்ளயே தின்னு, நாரால கூடு கட்டி உள்ளயே வண்டாகும், அதனால வெளிய லேசுல தெரியாது. 5லேர்ந்து 20 வயசு மரத்துல தான் ஜாஸ்தி. தொளைல பழுப்பா சாறு வடியுதா பாருங்க, காதை வச்சா கரகரன்னு சத்தம் கூட கேக்கும். நடுக்குருத்து வாடி சாயுற வரைக்கும் விட்டுட்டா மரத்தை காப்பாத்துறது கஷ்டம்.

கேள்வி: ரெண்டும் ஒரே மரத்துல வருமா?

வரும், அதான் எனக்கு பெரிய கவலையே. காண்டாமிருக வண்டு போட்ட தொளை கூன்வண்டுக்கு கதவு தொறந்து விட்ட மாதிரி. வேப்பங்கொட்டை தூள் 1 பங்கு, மணல் 2 பங்கு கலந்து குருத்தை ஒட்டின மூணு மட்டை இடுக்குல போடுங்க. பச்சை மட்டையை வெட்டியே ஆகணும்னா 4 அடி விட்டு வெட்டுங்க, ஒட்ட வெட்டுன காயத்துக்கும் கூன்வண்டு வரும்.

கேள்வி: ஒரே இனக்கவர்ச்சி பொறி போதுமா?

போதாது, பொறில வண்டை இழுக்க வைக்குற வாசனை காண்டாமிருக வண்டுக்கு ரைனோலூர், கூன்வண்டுக்கு ஃபெரூஜினியால், ரெண்டும் வேற வேற. கூன்வண்டு பொறிய மட்டும் இளமரத்துகிட்ட கட்டாதீங்க, வாசனைக்கு வர்ற வண்டு பக்கத்து மரத்துலயே முட்டை வச்சிடும்.