ஸ்கூட்டியிலிருந்து கியர் வண்டிக்கு: எப்போது பிடிபடும், எப்போது பிடிக்கும்?

கேள்வி: வயது 34. பத்து வருடமாக ஸ்கூட்டி ஓட்டுகிறேன். வீட்டில் இருக்கும் ஸ்பிளெண்டரைக் கற்றுக்கொள்ள ஒரு வாரமாக முயல்கிறேன். கிளட்சை விட்டதும் வண்டி துள்ளி நின்றுவிடுகிறது. பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் கைகால் உதறுகிறது. இதை ஆசையாக ஓட்டும் நாள் வருமா?

பதில்: வரும். உங்கள் தடுமாற்றத்தில் பாதி, ஸ்கூட்டி கற்றுக்கொடுத்த பழக்கம். அதில் இடது கை பின் பிரேக். பைக்கில் அதே இடத்தில் கிளட்ச். பதற்றத்தில் இடது கையை இறுக்கினால் வண்டி நிற்காது, எஞ்சினின் பிடி விட்டு அப்படியே உருளும். பயந்து வலது கையும் இறுகும்போது ஆக்சிலரேட்டர் சேர்ந்து திரும்பிவிடும். புதிதாகப் பழகுபவர்கள் சுவரில் போய் மோதுவது பெரும்பாலும் இப்படித்தான். பைக்கில் பின் பிரேக் வலது காலில். ஆகவே முதல் பாடம் அந்தக் காலுக்கு. எஞ்சினை அணைத்துவிட்டு, பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகத் தள்ள, காலால் மட்டும் நிறுத்திப் பழகுங்கள். முப்பது தடவையாவது வேண்டும்.

அடுத்து கிளட்ச். லிவரை விடும்போது ஓரிடத்தில்தான் எஞ்சின் சக்கரத்தைப் பற்றத் தொடங்கும். அந்த இடம் விரலுக்குத் தெரியும் முன்பே கையை விட்டுவிடுவதால் வண்டி துள்ளுகிறது. காலி மைதானத்தில், சமதரையில் முதல் கியர் போடுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் லிவரை நூல் நூலாக விடுங்கள். எஞ்சின் சத்தம் கம்மி, வண்டி நகரப் பார்க்கும். அங்கே கையை நிறுத்துங்கள். நாலைந்து அடி போனதும் கிளட்சைப் பிடித்து, பின் பிரேக். இதையே ஐம்பது முறை செய்தபிறகு ஆக்சிலரேட்டருக்குப் போங்கள். இப்படி லிவரைப் பாதி விட்ட அரைக் கிளட்சிலேயே வெகுநேரம் ஓட்டினால் உள்ளிருக்கும் பிளேட்டுகள் சூடாகித் தேயும்; இடையிடையே வண்டியை ஆறவிடுங்கள்.

வண்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கிளட்ச் லிவர் நுனியில் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் ஆட்டம், அதாவது இறுகும் முன் சும்மா அசையும் தூரம், இருக்க வேண்டும். அதிகமானால் கிளட்ச் முழுதாக விடுபடாமல், முதல் கியர் போட்டதும் வண்டி இழுக்கும். ஆட்டமே இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும். ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம், குறைவாக இருந்தாலும் எஞ்சின் சட்டென அணையும். இந்தக் கோளாறுகளைத் தங்கள் கைக் குறை என்று நினைத்துப் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள்.

ஸ்பிளெண்டரில் நான்கு கியரும் இடது காலின் முன்பகுதியால் கீழே அழுத்துவது, குறைக்கக் குதிகால். பல்சரில் ஒன்று கீழே, மற்றவை மேலே. பழகும்வரை இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டாதீர்கள். சிக்னலில் மூன்றாம் கியரிலேயே நின்றுவிட்டு, அதே கியரில் கிளம்பப் பார்த்தால் வண்டி அணையத்தான் செய்யும். வேகம் குறையக் குறையக் கியரையும் இறக்கி வாருங்கள். நிற்கும்போது இடது கால் தரையில், வலது கால் பிரேக்கில். ஸ்பிளெண்டரின் இருக்கை உயரம் 785 மில்லிமீட்டர்தான். ஒரு கால் ஊன்றினால் போதும்.

முன் பிரேக்கைக் கண்டு ஒதுங்க வேண்டாம், நேராகப் போகும்போது வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அதற்குத்தான். ஹாண்டில் திரும்பியிருக்கும்போதும், மணல் மேலும் மட்டும் அதை அழுத்தாதீர்கள். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிப்பது கடினம். துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள், ஹெல்மெட் வாரைப் பூட்டுங்கள்.

உங்கள் லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமா என்று பாருங்கள். அப்படியானால் கியர் வண்டிக்குத் தனியாக எல்.எல்.ஆர் (பழகுநர் உரிமம்) போட வேண்டும். 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட், எல்.எல்.ஆர் ஆறு மாதம் செல்லும். டெஸ்டில் எட்டு போடும்போது முதல் கியர், அரைக் கிளட்ச், பின் பிரேக்கில் லேசான அழுத்தம். கண் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, அடுத்த வளைவைப் பார்க்க வேண்டும்.

இனி, ஆசை. எந்தக் கியரில் இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் இது சுகமாக இருக்காது. கவனம் முழுவதையும் கையும் காலும் தின்றுவிடும். எஞ்சின் சத்தம் திணறும்போது கால் தானாகக் கியரை இறக்கும் நாளில்தான் சாலையும் காற்றும் உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும். தினம் அரை மணி நேரம் பழகினால் மூன்று நான்கு வாரத்தில் அது நடக்கலாம். அதுவரை நெரிசலான சாலை வேண்டாம். விடிகாலை 6 மணிக்குக் காலியான ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டுங்கள். ஹாரன் அடிப்பவருக்கு இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டு, நியூட்ரலுக்கு வந்து, மறுபடி முதல் கியரிலிருந்து கிளம்புங்கள்.