பனிமூட்டத்துக்கு நடுவே தோல் ஏன் காய்கிறது?

கேள்வி: எனக்கு வயது 46. சொந்த ஊர் தூத்துக்குடி. கணவருக்கு மாற்றல் கிடைத்ததால் ஜூன் மாதம் ஊட்டிக்குக் குடிவந்தோம். மழை முடிகிறவரை ஒன்றும் தெரியவில்லை. கார்த்திகை பிறந்ததிலிருந்து முழங்காலுக்குக் கீழே தோல் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. நகம் பட்டால் கோடு விழுகிறது. ராத்திரி கம்பளிக்குள் போனதும் அரிப்பு தாங்க முடியவில்லை. குளிருக்கு இதமாகக் காலையும் மாலையும் நல்ல சூட்டில் குளிக்கிறேன். குளித்து முடித்துத் தினமும் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். மூன்று விதமான கிரீம் வாங்கிப் பார்த்துவிட்டேன். தண்ணீரும் மூன்று லிட்டர் குடிக்கிறேன். எதற்கும் கேட்கவில்லை. சர்க்கரை நோயாக இருக்குமோ என்று பயம் வேறு. எந்த கிரீம் வாங்கட்டும் டாக்டர்?

பதில்: கிரீமுக்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ‘காலையும் மாலையும் நல்ல சூட்டில்’ என்ற நாலு வார்த்தைதான். அதை மாற்றாமல் நான்காவது கிரீம் வாங்கினாலும் காசுதான் போகும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மலைக்குப் புதிதாக வந்த பலரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இங்கே எப்போது பார்த்தாலும் பனிமூட்டம், துணி காயவே மூன்று நாள் ஆகிறது, இவ்வளவு ஈரத்தில் தோல் மட்டும் எப்படிக் காய்கிறது? நியாயமான கேள்வி. குளிர்ந்த காற்றால் தண்ணீரை அதிகம் சுமக்க முடியாது. தூத்துக்குடியின் 30 டிகிரி காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் உறைபனி விழுகிற மாதங்களில் ஊட்டிக் காலை 5 டிகிரிக்கு இறங்கும்போது, காற்று முழுக்க நனைந்திருந்தால்கூட 7 கிராமுக்கு மேல் அதில் கிடையாது. அந்தக் காற்று உங்கள் உடம்பைத் தொட்டதும் சூடாகிறது. சூடான காற்றுக்குத் தாகம் அதிகம். எங்கிருந்து குடிக்கும்? உங்கள் தோலிலிருந்துதான். அறையில் ஹீட்டர் போட்டாலும் இதே கதை. காற்று சூடாகிறது, அதில் இருக்கிற தண்ணீர் மட்டும் கூடுவதில்லை.

இப்போது தோல் பக்கம் வருவோம். மேல்தோலின் வெளி அடுக்கு செங்கல் சுவர் மாதிரி. உயிரற்ற, தட்டையான செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கிற கொழுப்பு (செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள்) பூச்சுக் கலவை. செங்கலுக்குள்ளே யூரியா, அமினோ அமிலங்கள் போன்ற, தண்ணீரைப் பிடித்து வைக்கிற பொருட்கள் இருக்கின்றன. பூச்சு கரைந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் போகும், செங்கல் சுருங்கி ஓரம் தூக்கும். நீங்கள் பார்க்கிற வெள்ளைப் பூப்பு அந்தத் தூக்கிய ஓரங்கள்தான். நகம் பட்டால் கோடு விழுவதும் அதனால்தான். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் மட்டும் ஏன் முதலில் காய்கிறது என்றால், அங்கே எண்ணெய்ச் சுரப்பிகள் மிகக் குறைவு. முகத்தில் தாராளமாக இருக்கின்றன, அதனால் முகம் கடைசியில் காயும். வயது நாற்பதைத் தாண்டினால், அதிலும் மாதவிடாய் நிற்கப்போகிற சமயத்தில், அந்தச் சுரப்பும் குறையத் தொடங்கும்.

எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய பாத்திரத்தை நாம் எப்படிக் கழுவுகிறோம்? வெந்நீர் ஊற்றி, சோப்புப் போட்டுத் தேய்க்கிறோம். கீசரை முழுச் சூட்டில் வைத்துக் கால் மணி நேரம் குளிப்பவர் தன் தோலுக்கும் அதையேதான் செய்கிறார். அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், அரிப்புக்கூட அடங்கின மாதிரி தெரியும். அரை மணி கழித்து இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

ஆகவே, இந்த மூன்று மாதம் ஒரு வேளைக் குளியல் போதும். உள்ளங்கையை நீட்டினால் ‘சுடுகிறது’ என்று தோன்றாத, வெதுவெதுப்பான தண்ணீர். ஐந்திலிருந்து பத்து நிமிஷம். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும். கை கால்களில் அழுக்குப் படியவில்லை என்றால் அங்கே வெறும் தண்ணீர் போதும். பீர்க்கங்கூட்டுக்கும் நாருக்கும் மார்கழி, தை இரண்டு மாதம் ஓய்வு கொடுங்கள்.

சோப்பு பற்றி ஒரு வார்த்தை. கடையில் பலர் உறையைத் திருப்பி டிஎஃப்எம் (மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு) 76 சதவீதமா என்று பார்த்து வாங்குகிறார்கள். அது சோப்பின் தரம், அதில் நிரப்புப் பொருள் எவ்வளவு குறைவு என்பதைச் சொல்கிற எண். தோலை வறட்டுமா, வறட்டாதா என்பதைச் சொல்லாது. எவ்வளவு உயர்ந்த சோப்பானாலும் அது காரத்தன்மை உள்ளது. அதன் பிஎச் 9, 10 என்று இருக்கும். நம் தோல் 5-க்குப் பக்கத்தில் இருக்கிற லேசான அமிலம். சோப்பே கலக்காத, ‘சோப் ஃப்ரீ’, ‘சின்டெட்’ என்று அச்சிட்ட கட்டியோ திரவமோ குளிர்காலத்துக்கு நல்லது. ‘இயற்கையாகக் கடலைமாவு போடுகிறேன்’ என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கடலைமாவு, பயத்தமாவு, அரப்பு எல்லாமே எண்ணெயை உறிஞ்சி எடுப்பவை. எண்ணெய் வழிகிற தோலுக்கு நல்லது. வெடித்த தோலுக்கு வேண்டாம்.

தேங்காய் எண்ணெய்க்கு வருகிறேன். அது மோசமில்லை. பிலிப்பைன்ஸில் 34 பேரின் வறண்ட கால்களில் இரண்டு வாரம் தடவிப் பார்த்து 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மினரல் ஆயிலுக்குச் சமமாகவே வேலை செய்தது. அப்படியானால் உங்களுக்கு ஏன் கேட்கவில்லை? எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்பதை மறந்துவிடுகிறோம். அது மூடிதான். பானையில் தண்ணீர் இருக்கும்போது மூடினால் தண்ணீர் நிற்கும். காலிப் பானையை மூடி என்ன பயன்?

நீங்கள் எப்படித் தடவுகிறீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. குளித்து, நன்றாகத் துவட்டி, உடுத்தி, காபி போட்டு, அப்புறம் எண்ணெய் பாட்டிலை எடுக்கிறீர்கள். ஊட்டியில் அது 24 டிகிரிக்குக் கீழே வெள்ளையாக உறைந்து கிடக்கும். அதை வெந்நீரில் வைத்து உருக்கித் தடவுவதற்குள் இருபது நிமிஷம் ஓடியிருக்கும். அதற்குள் பானை காலி.

இனி இப்படிச் செய்யுங்கள். எண்ணெயோ கிரீமோ குளியலறைக்குள்ளேயே இருக்கட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், தோல் லேசாக நசநசவென்று இருக்கட்டும். தண்ணீரை நிறுத்திய மூன்று நிமிஷத்துக்குள், கதவைத் திறக்கும் முன்பே தடவி முடித்துவிடுங்கள். முடி வளர்ந்திருக்கிற திசையில், மேலிருந்து கீழாக. எதிர்த் திசையில் அழுத்தித் தேய்த்தால் முடிக்கால்கள் அடைத்துக்கொண்டு கொப்புளம் வரும். தரையில் எண்ணெய் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கட்டாயம்.

சரி, எந்த கிரீம்? பெயரைவிட அதில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். தண்ணீரை இழுத்துப் பிடிக்கிற பொருள் ஒன்று வேண்டும்: கிளிசரின் அல்லது யூரியா. அதை ஓடவிடாமல் மூடுகிற பொருள் ஒன்று வேண்டும்: பெட்ரோலேட்டம் (பெட்ரோலியம் ஜெல்லி), லிக்விட் பாரஃபின், டைமெத்திகோன் இவற்றில் ஏதாவது. செரமைடு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. வாசனை வேண்டாம். பம்ப் பாட்டிலில் தண்ணீர் மாதிரி ஓடுகிற லோஷன் தூத்துக்குடிக்குச் சரி. ஊட்டிக்கு டியூபிலோ டப்பாவிலோ வருகிற கெட்டியான கிரீம்தான் வேண்டும். கால்களுக்கு மட்டும் இரவில் 10 சதவீத யூரியா கிரீம் தடவினால் செதில் சீக்கிரம் விலகும். வெடித்து ரத்தம் கசிகிற இடத்தில் அதை வைக்காதீர்கள், எரிச்சல் உயிரை வாங்கும். அந்த இடத்துக்கு வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. விலையும் குறைவு, ஒவ்வாமையும் அபூர்வம். செலவு கட்டாது என்றால் இந்த ஒரே டப்பாவை வைத்துக்கொண்டு குளிர்காலத்தைக் கடந்துவிடலாம்.

கிளிசரினும் பன்னீரும் கலந்து தடவுகிற பழைய வழக்கமும் சரிதான். ஆனால் கிளிசரினைத் தனியாகப் பூசாதீர்கள். காற்று காய்ந்திருக்கும்போது அது தண்ணீரைத் தோலின் உள்ளிருந்தே இழுத்துவிடும். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு பன்னீர் கலந்து தடவி, மேலே எண்ணெயால் மூடிவிடுங்கள்.

மூன்று கிரீம் வாங்கியும் கேட்கவில்லை என்றீர்களே, அதற்கு இன்னொரு காரணம் இருக்கலாம். அளவு. டியூபை அழுத்தி, ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு முழுவதும் ஒரு கோடாக கிரீமை வையுங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். ஒரு முழுக் காலுக்கு, பாதத்தோடு சேர்த்து, அப்படி எட்டுக் கோடு வேண்டும். இரண்டு காலுக்கும் சேர்ந்து 8 கிராம். இரண்டு வேளை தடவினால் 16. அதாவது 100 கிராம் டியூப் ஒரு வாரம்கூட வராது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் 50 கிராம் டப்பாவை இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, ‘இது சரியில்லை டாக்டர்’ என்பார்கள். விலை கூடிய சின்ன டப்பாவைவிட, மலிவான அரைக் கிலோ டப்பாவைத் தாராளமாகப் பூசுகிறவர்களுக்குத்தான் குணம் தெரிகிறது.

ராத்திரி அரிப்புக்குக் கம்பளியும் காரணம். சொரசொரப்பான நூல் நேராகத் தோலில் படக்கூடாது. உள்ளே பருத்தியில் முழுநீளக் கால்சட்டை போட்டு, அதன்மேல் கம்பளி. படுக்கும் முன் இன்னொரு முறை கிரீம். சொறியத் தோன்றினால் ஈரத்துணியை ஐந்து நிமிஷம் வைத்து எடுத்து, அதன்மேல் கிரீம் தடவுங்கள்.

மலைப்பகுதிக்கென்று ஓர் எச்சரிக்கை. பாரஃபினோ எண்ணெயோ ஊறிய துணி தீப்பற்றினால் மளமளவென்று எரியும். கிரீம் பூசிக்கொண்டு கணப்புக்கோ கம்பி ஹீட்டருக்கோ பக்கத்தில் உட்காராதீர்கள். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது பற்றிச் சொல்லவே வேண்டாம். அது தோல் பிரச்சினை இல்லை, கார்பன் மோனாக்சைடு, உயிரையே எடுத்துவிடும்.

மூன்று லிட்டர் தண்ணீர்? தாகத்துக்குக் குடியுங்கள். உடம்பில் நீர் வற்றாத ஒருவர் கூடுதலாகக் குடிக்கிற தண்ணீர் சிறுநீராகத்தான் போகும். முன்காலின் மேல்தோலுக்கு வந்து சேராது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது.

சர்க்கரை பயத்துக்கு ஊகம் எதற்கு, வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். கூடவே தைராய்டும் பாருங்கள். உங்கள் வயதுப் பெண்களுக்குத் தோல் வறட்சியோடு சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல், குளிரே தாங்காமை எல்லாம் சேர்ந்து வந்தால் நான் முதலில் தைராய்டைத்தான் சந்தேகிப்பேன். நீங்கள் குளிரை ஊட்டியின் கணக்கில் எழுதிவிட்டிருக்கலாம், அதனால் சொல்கிறேன்.

வீட்டில் வேறு யாருக்கும் ராத்திரியில் அரிக்கிறதா என்றும் விசாரியுங்கள். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிப் பொரிகள் இருந்து, இன்னொருவருக்கும் அரித்தால் அது வறட்சி இல்லை, சிரங்கு. எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டியிருக்கும். தோல் காய்ந்த குளத்தின் வண்டல் மாதிரி பாளம் பாளமாக வெடித்துச் சிவந்து நீர் வடிந்தாலும், தொட்டால் உணர்ச்சி தெரியாத திட்டு இருந்தாலும், காத்திருக்காமல் நேரில் காட்டுங்கள். மருந்துக்கடையில் ‘அரிப்புக்கு ஒரு டியூப்’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்டீராய்டும் வேறு இரண்டு மருந்தும் கலந்த ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், இரண்டு மாதத்தில் தோல் மெலிந்து, படர்தாமரை இருந்தால் அது உடம்பெல்லாம் பரவியிருக்கும்.

குளியலையும் அளவையும் மாற்றினால் நாலைந்து நாளில் அரிப்பு குறையும், வெள்ளைப் பூப்பு மறைய இரண்டு வாரம் ஆகும். பொங்கலுக்குத் தூத்துக்குடி போவீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே தோல் தானாகவே பளபளப்பாகிவிட்டால் கோளாறு வானிலையில்தான் என்று பாதி உறுதி. அந்தச் சந்தோஷத்தில் கிரீம் டப்பாவை அம்மா வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஊட்டியில் மழையும் இல்லாமல் பனி மட்டும் விழுகிற நாட்கள் பிப்ரவரி வரை இருக்கின்றன.