வீட்டில் எஃப்-16 காக்பிட்: கேள்வி பதில்

எஃப்-16சி விமானத்தின் காக்பிட்டை வீட்டில் கட்டி, கணினிப் பறப்பு விளையாட்டுகளான டிசிஎஸ் வேர்ல்டிலோ ஃபால்கன் பிஎம்எஸ்ஸிலோ பறக்க நினைப்பவர்களின் கேள்விகள் இவை. மரவேலை, வயரிங், பறப்பு எல்லாம் கலந்தே வந்தன; வந்த வரிசையை மாற்றவில்லை.

அண்ணா, ஸ்டிக்கும் திராட்டிலும் வாங்கிட்டேன். அடுத்து மரச்சட்டம் அடிக்கவா, பேனல் வாங்கவா?

இரண்டும் இப்போது வேண்டாம். பழைய ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டி ஒன்று போதும். அட்டையை வெட்டி, டேப் ஒட்டி, முழு அளவில் ஒரு காக்பிட் செய்யுங்கள். ஒரு வாரம் அதற்குள் உட்கார்ந்து பறங்கள். எஃப்-16 இருக்கை 30 டிகிரி பின்னால் சாய்ந்தது. அந்தச் சாய்வில் உட்காரும்போது கண் எங்கே நிற்கிறது, முழங்கை எங்கே விழுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா அளவும் அந்த இரண்டு புள்ளிகளிலிருந்துதான் பிறக்கின்றன. பெரும்பாலானோர் ஸ்டிக்கை நாலைந்து விரற்கடை அதிகம் முன்னால் தள்ளி வைத்துவிடுகிறார்கள். முக்கால் மணி நேரத்தில் தோள் தூக்கிக்கொண்டு நிற்கும். முன்கை முழுக்கத் தாங்கியில் படுத்திருக்க, மணிக்கட்டு மட்டும் வேலை செய்ய வேண்டும். உண்மை விமானத்தில் அதற்கென்றே வலப்பக்கம் கைத்தாங்கி இருக்கிறது.

அளவு நிலைத்த பிறகு 18 மிமீ பிளைவுட். எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) மலிவு, வெட்டுவதும் சுலபம். ஆனால் ஈரக்காற்றில் உப்பும், விளிம்பில் ஸ்க்ரூ இறக்கினால் பிளக்கும். எம்டிஎஃப்தான் என்றால் முன்துளை போட்டு, வெட்டிய ஓரங்களுக்கு இரண்டு கோட் பிரைமர் அடித்துவிடுங்கள். ஸ்டிக் உட்காரும் இடத்தை மட்டும் மரத்தை நம்பி விடாதீர்கள். எஃப்-16 ஸ்டிக் அழுத்தத்தை உணரும் வகை. முதலில் அது அசையவே இல்லை, பிறகுதான் கால் அங்குல அளவு அசைவு கொடுத்தார்கள். ஃபோர்ஸ் சென்சிங் பேஸ் வாங்கியவர்கள் முழுக் கையால் இழுப்பார்கள். பலகை வளைந்தால் அந்த விசையில் ஒரு பங்கு வளைவிலேயே போய்விடும். இரும்பு ஆங்கிளை அடிச்சட்டம் வரை இறக்கிப் போல்ட் போடுங்கள்.

பக்கவாட்டு பேனல்களுக்கு நிலையான அளவு ஏதும் உண்டா? ஒவ்வொரு வரைபடமும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

உண்டு. ராணுவ விமானங்களின் கன்சோல் பேனல் அகலம் 5.75 அங்குலம், அதாவது 146 மிமீ. உயரம் எப்போதும் 3/8 அங்குலத்தின் மடங்கு, அதாவது 9.525 மிமீ. வரைபடத்தில் இந்தக் கட்டத்தை முதலில் போட்டுவிட்டால், பிறகு எந்த பேனலைக் கழற்றி எங்கே மாட்டினாலும் பொருந்தும். விமானத்தில் பேனலைப் பிடிக்கும் டிசூஸ் ஸ்க்ரூ (கால் சுற்றுத் திருப்பினால் பூட்டுவது) விலை அதிகம். அதற்குப் பதில் எம்4 போல்ட்டும், மரத்தில் பதிக்கும் திரெட் இன்சர்ட்டும் போதும். கன்சோல் ஆழம் குறைந்தது 150 மிமீ விடுங்கள். சுவிட்சின் அடிப்பகுதி, கனெக்டர், வயர் வளைவு எல்லாம் அங்கேதான் அடங்க வேண்டும்.

ஆர்டுயினோ ஊனோ (நிரல் ஏற்றும் சிறு மின்னணுப் பலகை) மூன்று சும்மா கிடக்கின்றன. கணினி அவற்றை ஜாய்ஸ்டிக்காக ஏற்குமா?

நேரடியாக ஏற்காது. தன்னை ஜாய்ஸ்டிக் என்று அறிவித்துக்கொள்ளும் யூஎஸ்பி திறன் ஏடிமெகா32யூ4 சிப்பில் இருக்கிறது. லியோனார்டோ, ப்ரோ மைக்ரோ பலகைகள் இரண்டிலும் அதுதான். இன்னும் நிறைய பட்டன் வேண்டுமென்றால் எஸ்டிஎம்32எஃப்103 பலகையில் ஃப்ரீஜாய் மென்பொருளை ஏற்றுங்கள். ஒரே பலகை 128 பட்டன் வரை கொடுக்கும். ஊனோக்களை வீசிவிடாதீர்கள். கீழே சொல்லும் டிசிஎஸ்-பயாஸுக்கு (பேனலையும் டிசிஎஸ் விளையாட்டையும் பேசவைக்கும் மென்பொருள்) அவை நன்றாகவே உதவும்.

ஒரு பட்டனுக்கு ஒரு பின் என்று போனால் பின்கள் போதாது. அதனால் மேட்ரிக்ஸ்: 8 வரிசை, 8 நிரல், 16 பின்னில் 64 சுவிட்ச். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மேட்ரிக்ஸில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகள் மூடியிருந்தால், நான்காவதும் மூடியதாகவே பலகைக்குத் தெரியும். விசைப்பலகையில் மூன்று விசையை ஒன்றாக அழுத்துவது அபூர்வம். காக்பிட்டில் டாகிள் சுவிட்சுகள் மணிக்கணக்கில் மூடியே கிடக்கும், ஆகவே பேய் அழுத்தம் நிச்சயம் வரும். லைட் சுவிட்சைத் தட்டினால் லேண்டிங் கியர் இறங்குகிறது என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு 1என்4148 டயோடு தொடராகப் போடுங்கள், கருப்புக் கோடு எல்லாம் ஒரே திசையில். "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று விட்டால், 64 இடத்தில் சால்டரைக் கழற்ற வேண்டி வரும்.

ஜாய்ஸ்டிக் பட்டனாக இணைப்பதா, டிசிஎஸ்-பயாஸா? எது நல்லது சார்?

ஸ்டிக், திராட்டில், எம்எஃப்டி (முன்பலகையின் பல்பயன் திரை) பட்டன்கள்: ஜாய்ஸ்டிக். பேனல் சுவிட்ச், விளக்கு, எழுத்துத் திரை: டிசிஎஸ்-பயாஸ்.

காரணத்தை மெயின் பவர் சுவிட்சில் பார்க்கலாம். அதற்கு மூன்று நிலை: ஆஃப், பேட்டரி, மெயின் பவர். ஆன்-ஆஃப்-ஆன் டாகிளின் நடுநிலையில் எந்தத் தொடுப்பும் இல்லை. ஜாய்ஸ்டிக்குக்கு அழுத்தம் மட்டுமே தெரியும். ஒன்றும் அழுத்தாததுதான் பேட்டரி என்பதை நீங்கள் தனியே சொல்லித்தர வேண்டும். டிசிஎஸ்-பயாஸில் மூன்று நிலை சுவிட்சுக்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது: இரண்டு பின் எண்ணைக் கொடுத்தால், இரண்டும் திறந்திருப்பது நடு என்று அதுவே புரிந்துகொள்ளும். விமானத்திலிருந்து விளக்கு நிலையும் திரும்பி வரும். சீரியல் இணைப்பின் வேகம் 250000 பாட்.

பிஎம்எஸ்ஸில் டிசிஎஸ்-பயாஸ் ஓடாது. அங்கே தரவு ஷேர்ட் மெமரியில் (மற்ற நிரல்களும் படிக்கக்கூடிய நினைவகம்) கிடைக்கிறது, அதைப் படித்து சீரியல் வழியே அனுப்பும் தனிக் கருவிகள் இருக்கின்றன. வயரிங் செய்யும்போதே எந்த விளையாட்டு என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்ஜினைக் கிளப்பும் ஜேஎஃப்எஸ் சுவிட்ச் தானாக ஆஃபுக்கு விழ வேண்டுமே, வீட்டில் எப்படிச் செய்வது?

உண்மையில் அது மின்காந்தம் பிடித்து வைக்கும் சுவிட்ச். ஸ்டார்ட் 2-இல் வைத்தால் நிற்கும். 20 சதவீத சுழற்சியில் திராட்டிலை ஐடிலுக்குக் கொண்டுவந்து, என்ஜின் பாதி வேகத்தைத் தாண்டியதும் காந்தம் விட்டுவிடும். வீட்டில் சுலப வழி, இரு பக்கமும் விரலை விட்டால் நடுவுக்குத் திரும்பும் மொமென்ட்டரி டாகிள். தட்டினால் விளையாட்டில் சுவிட்ச் நிற்கும், கையில் உள்ளது நடுவுக்கு வந்துவிடும், இரண்டும் ஒத்துப்போகும். நிலைத்து நிற்கும் டாகிளைப் போட்டால் என்ஜின் ஓடிய பிறகும் உங்கள் கைச் சுவிட்ச் மேலேயே இருக்கும், அடுத்த ஸ்டார்ட்டில் குழப்பம். ஆட்டோபைலட் பிட்ச் சுவிட்சுக்கும் இதே உபாயம்.

அண்ணை, பெடலிலை பூட்டின பொட்டென்ஷியோமீட்டர் துடிக்குது. நடுவிலை நிக்கேக்கையும் விமானம் ஆடுது. மாத்தத்தான் வேணுமோ?

மாற்றுவதற்கு முன் அதன் மேல் எழுத்தைப் பாருங்கள். ஏ10கே என்றிருந்தால் அது ஒலிக்கட்டுப்பாட்டுக்கான லாக் வகை, ஒரு பக்கம் மந்தமாகவும் மறுபக்கம் பாய்ச்சலாகவும் இருக்கும். வேண்டியது பி10கே. எழுத்து சரியாக இருந்தும் துடித்தால் உள்ளே தூசி, தடம் தேய்ந்திருக்கிறது. அப்போது காந்தப்புலத்தை உணரும் 49இ ஹால் சென்சாரும் இரண்டு சிறு நியோடிமியம் காந்தமும் போடுங்கள். உரசும் பகுதி இல்லாததால் தேய்மானமும் இல்லை. காந்தம் இல்லாதபோது வெளியீடு ஊட்ட மின்னழுத்தத்தின் பாதியில், 5 வோல்ட்டில் 2.5-இல், நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சென்சாரைச் சந்தேகியுங்கள்.

கால்விரல் பிரேக்குக்கு, அழுத்தத்தை அளக்கும் லோட் செல்லும் அதைப் படிக்கும் எச்எக்ஸ்711 சிப்பும் அருமையான தேர்வு. ஒரு கண்ணி உண்டு: பொதுவாகக் கிடைக்கும் மாட்யூல் நொடிக்கு 10 அளவீடுதான் தரும், பிரேக் தாமதமாகப் பிடிக்கும். சிப்பின் 15-ஆம் பின்னை கிரவுண்டிலிருந்து விடுவித்து 5 வோல்ட்டில் கட்டினால் நொடிக்கு 80.

பேனல் எழுத்துகள் பின்னொளியில் ஒளிர வேண்டும். லேசர் கடையில் என்ன சொல்வது?

3 மிமீ பால்வெள்ளை அக்ரிலிக் வாங்குங்கள். முகத்தில் மேட் கருப்பு ஸ்ப்ரே, மெல்லியதாக இரண்டு கோட், இடையில் நன்றாகக் காயவிட்டு. பிறகு லேசர் கடையில் "எழுத்தில் பெயின்ட் மட்டும் போகட்டும், அக்ரிலிக்கில் பள்ளம் வேண்டாம், சுற்றளவையும் துளைகளையும் மட்டும் வெட்டுங்கள்" என்று சொல்லுங்கள். மிச்சத் துண்டில் ஒரு சோதனை எடுத்துப் பார்க்காமல் முழு பேனலைக் கொடுக்காதீர்கள். தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் லேசர் சக்தி மாறும். எழுத்துரு எம்எஸ்33558, விமான எழுத்துக்கான ராணுவத் தரம். பேனலைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத்துக்குப் பெயின்ட் கடையில் எஃப்எஸ் 36231 என்று கேளுங்கள்.

வெட்டிய பிறகு ஆல்கஹால் போட்டுத் துடைக்கவே கூடாது. லேசர் வெட்டிய விளிம்பில் இறுக்கம் தேங்கியிருக்கும், ஆல்கஹால் பட்டதும் மயிரிழை விரிசல்கள் ஓடும். சோப்புத் தண்ணீர் போதும். பிவிசி ஷீட்டை லேசருக்குக் கொடுக்காதீர்கள். அது குளோரின் கலந்த நச்சுப் புகை விடும், மனிதருக்கும் கெடுதல், இயந்திரமும் துருப்பிடிக்கும்.

ஒளிக்கு 12 வோல்ட் எல்இடி பட்டை. மங்கலாக்க ஆர்டுயினோவோடு மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) சேர்ப்பவர்கள் ஐஆர்எஃப்520 வாங்கி, வெளிச்சம் குறைவு, சூடு அதிகம் என்று வருந்துவார்கள். 5 வோல்ட்டில் அது முழுதாகத் திறக்காது. ஐஆர்எல்இசட்44என் கேளுங்கள்.

விஆர் ஹெட்செட் இருந்தால் பேனலே வேண்டாமா?

கண்ணுக்கு வேண்டாம், கைக்கு வேண்டும். விஆரில் எழுத்தும் பெயின்ட்டும் பயனில்லை. சுவிட்சின் இடமும் வடிவமும்தான் பேசும். ஆகவே கியர் லீவர், மாஸ்டர் ஆர்ம் (ஆயுதச் சுவிட்ச்), ஐசிபி (எதிரே உள்ள எண்விசைப் பலகை), திராட்டிலுக்குப் பின்னால் உள்ள இடக் கன்சோல், இவற்றைச் சரியான இடத்தில் வைத்தால் பாதிக்கு மேல் பலன் கிடைத்துவிடும். அபூர்வமாகத் தொடும் சுவிட்சுகளை மவுஸுக்கே விட்டுவிடலாம்.

திரையில் பறப்பவர்களுக்கு வேறு கணக்கு. 43 அங்குல டிவியின் அகலம் 95 செமீ. கண்ணிலிருந்து 75 செமீ தள்ளி வைத்தால் அது பிடிக்கும் கோணம் ஏறத்தாழ 65 டிகிரி. விளையாட்டிலும் பார்வைக் கோணத்தை அதே 65-இல் வைத்தால் ஹட் (விமானிக்கு நேர் எதிரே தகவல் காட்டும் கண்ணாடி) நிஜ அளவில் தெரியும். தலை அசைவைப் பின்தொடர ஓப்பன்ட்ராக் மென்பொருள் இலவசம்.

எம்எஃப்டி, டிஇடி திரைகளுக்கு என்ன வாங்கலாம்?

எம்எஃப்டிக்கு 20 பட்டன் கொண்ட ஆயத்தச் சட்டங்கள் கிடைக்கின்றன, பின்னால் 8 அங்குல 4:3 திரை ஒன்று. டிசிஎஸ்ஸில் மானிட்டர்செட்டப் கோப்பில் இடது, வலது எம்எஃப்டியின் இடத்தை எழுத வேண்டும். எல்லாத் திரைகளும் அடங்கிய மொத்தச் செவ்வகத்தைத்தான் விளையாட்டு வரைகிறது. சிறு திரையைப் பெரிய திரையின் கீழ் ஒரு மூலையில் அடுக்கினால் வீணாகும் பரப்பு குறையும், ஃப்ரேமும் மிஞ்சும். டிஇடி என்பது எழுத்து மட்டும் காட்டும் சிறு திரை: 5 வரி, வரிக்கு 24 எழுத்து. எஸ்எஸ்டி1322 சிப் கொண்ட 256×64 ஓலெட் அதற்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும்.

பத்துப் பன்னிரண்டு யூஎஸ்பி ஆன பிறகு சில கருவிகள் காணாமல் போகின்றன. பட்டன் அமைப்பும் அழிந்துவிடுகிறது.

இரண்டும் வெவ்வேறு நோய். விண்டோஸ் "யூஎஸ்பி கன்ட்ரோலர் வளம் போதவில்லை" என்றால், மதர்போர்டு கன்ட்ரோலரின் எண்ட்பாயிண்ட் (கருவிகள் தரவு அனுப்பும் வழி) எண்ணிக்கை தீர்ந்துவிட்டது. இன்னொரு ஹப் மாட்டினால் இன்னும் மோசமாகும். பிசிஐ-இ கார்டு ஒன்று போடுங்கள், அல்லது மூன்று ப்ரோ மைக்ரோவை ஒரு எஸ்டிஎம்32-ஆக மாற்றுங்கள். சற்று நேரம் கழித்துத் தூங்கிப்போகும் கருவி என்றால் பவர் அமைப்பில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். பட்டன் அமைப்பு அழிவது யூஎஸ்பி துளை மாற்றி மாட்டுவதால்: டிசிஎஸ் கருவியை ஒரு நீண்ட அடையாள எண்ணால் நினைவில் வைக்கிறது. ஒவ்வொரு கேபிளுக்கும் லேபிள் ஒட்டுங்கள், சேவ்டு கேம்ஸில் உள்ள இன்புட் கோப்புறையை நகலெடுத்து வையுங்கள்.

மிக்-21 கட்டினால் செலவு குறையுமா?

கூடும். எஃப்-16-இல் இரண்டு திரை சுமக்கும் வேலையை அங்கே முள் காட்டும் கடிகாரங்கள் சுமக்கின்றன. எக்ஸ்27.168 ஸ்டெப்பர் மோட்டார் மலிவு, ஆர்டுயினோவின் நாலு பின்னிலேயே நேராக ஓடும். ஆனால் 315 டிகிரியோடு நின்றுவிடும். உயரமானியின் முள் சுற்றிக்கொண்டே போக வேண்டும், அதற்கு 360 டிகிரி மோட்டாரும், பூஜ்யத்தைக் கண்டுபிடிக்க ஒரு சென்சாரும் தேவை. முகப்பு, முள், உறை என்று ஒவ்வொன்றும் தனி வேலை. ஆசை மிக்-21 மேல்தான் என்றால் கட்டுங்கள், சிக்கனத்துக்காக வேண்டாம்.

எல்லாம் கட்டிவிட்டேன். தரையிறங்கும்போது மட்டும் துள்ளுகிறது. ஸ்டிக் கர்வ் காரணமா?

பெரும்பாலும் வேகம் காரணம். எஃப்-16-ஐ நாட் எண்ணைப் பார்த்து இறக்காதீர்கள்; எடைக்கு ஏற்ப அது மாறும். தாக்குகோணத்தை, அதாவது இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணத்தை, பாருங்கள். கியர் இறங்கியதும் ஹட்டில் ஒரு அடைப்புக்குறி தெரியும்: மேல் முனை 11 டிகிரி, நடு 13, கீழ் முனை 15. விமானம் போகும் திசையைக் காட்டும் பாதைக்குறியை மேல் முனையில் வைத்து 11-இல் வாருங்கள், தொடும்போது 13-ஐ ஒட்டி. 15-ஐத் தாண்டினால் என்ஜின் நாசிலும் ஸ்பீட்பிரேக்கும் ஓடுதளத்தில் உரசும். தொட்டதும் மூக்கைப் போடாமல் 13-இலேயே பிடித்து, 100 நாட் அளவுக்கு வந்த பிறகு மெல்ல இறக்குங்கள். ஸ்பீட்பிரேக் கியர் இறங்கியிருக்கையில் 43 டிகிரியோடு நிற்கும்; மூக்குச் சக்கரம் தரையில் அழுந்திய பிறகுதான் 60 வரை முழுதாகத் திறந்து நிற்கும்.

கர்வ், அதாவது ஸ்டிக் அசைவை விளையாட்டு வளைத்து எடுத்துக்கொள்ளும் அமைப்பு, 10, 15-க்கு மேல் வேண்டாம். இந்த விமானத்தின் கணினியே உங்கள் இழுப்பை ஜி விசையாக மாற்றிக் கொடுக்கிறது. அதன் மேல் இன்னொரு வளைவை ஏற்றினால் நடுவில் மந்தம், ஓரத்தில் பாய்ச்சல்.

ஹட்டுக்கு இடப்பக்கம் தாக்குகோண விளக்கு மூன்றையும் பொருத்திவிடுங்கள். மேலே சிவப்பு, நடுவில் பச்சை, கீழே மஞ்சள். மூன்று எல்இடி, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் 330 ஓம், பச்சைக்கு 220 ஓம், கையில் இருக்கும் ஊனோ ஒன்று. ஒரு மாலை வேலை.