தைலமும் தண்ணீரும் சந்திக்கும் இடம் ஏன் துடிக்கிறது?

கேள்வி இதுதான்: ஊட்டியில் வாங்கிய யூகலிப்டஸ் தைலத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் கலந்து, கண்ணாடிக் குவளையில் தண்ணீர் மேல் மெதுவாக ஊற்றினால், யாரும் கலக்காமலே நடுக்கோடு நெளிந்து துடிக்கிறது. ஏன்?

தைலம் தண்ணீரைவிட லேசு, அதனால் மேலே நிற்கும். ஸ்பிரிட் தைலத்திலிருந்து தண்ணீருக்குள் இறங்கும். இறங்குவது எல்லா இடத்திலும் ஒரே அளவில் நடப்பதில்லை, அங்கேதான் விஷயம். ஸ்பிரிட் சற்று கூடிய இடத்தில் எல்லைப்பரப்பின் இழுவிசை குறையும். சுற்றியுள்ள பரப்பு, விரித்த வேட்டியை நாலு பக்கமும் இழுப்பதுபோல, அதை வெளிநோக்கி இழுக்கும். காலியான இடத்துக்குத் தைலத்தின் உள்ளிருந்து ஸ்பிரிட் நிறைந்த திரவம் வரும். இழுவிசை இன்னும் குறையும், ஓட்டம் இன்னும் வலுக்கும். செறிவு ஓட்டத்தை உண்டாக்க, ஓட்டம் செறிவை மாற்றுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தூண்டுவதால் இங்கே நேர்விகிதக் கணக்கு செல்லாது.

இதுவே மராங்கோனி விளைவு. திரவங்களின் பிசுபிசுப்பும், ஸ்பிரிட் தானாகப் பரவிச் சமமாவதும் இதை அடக்கப் பார்க்கும். தூண்டல் இந்த அடக்குதலை மிஞ்சி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் துடிப்பு எழும். எந்தத் திசையில் பொருள் கடக்கிறது என்பதும் முக்கியம் என்று 1959இல் ஸ்டெர்ன்லிங், ஸ்கிரிவன் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு திசையில் கொந்தளிக்கும் அதே திரவ ஜோடி, எதிர்த்திசையில் சும்மா கிடக்கலாம்!

ஊட்டிக் குளிரில் திரவங்களின் பிசுபிசுப்பு கூடுவதால் துடிப்பு கொஞ்சம் மந்தமாகத் தெரியலாம். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.